கோணல் கோடும் மரப்பலகையும்: ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் பற்றி ஒரு இழை

கரிக்கோடு:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு குறையை இங்கே இறக்கி வைக்கிறேன். ஓவியக் கல்லூரியில் படித்தபோது எக்ஸ்பிரஷனிசத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: "கலைஞன் தன் உள்ளத்து உணர்ச்சியை வெளிப்படுத்தும் பாணி." இரண்டு மார்க் கேள்வி. எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உணர்ச்சியை வெளிப்படுத்தாத ஓவியம் எது? அஜந்தா பத்மபாணியின் முகத்தில் உணர்ச்சி இல்லையா? அப்படியென்றால் 1905 வாக்கில் ஜெர்மனியில் புதிதாக என்னதான் நடந்தது?

கதையைச் சொல்லிவிடுகிறேன். 1905 ஜூன் 7, ட்ரெஸ்டன் நகரம். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், ஃப்ரிட்ஸ் பிளைல், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃப் என்று நாலு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிக்கிறார்கள். நாலு பேருமே கட்டடக்கலை படிக்க வந்த பையன்கள். கிர்ஷ்னருக்கு 25 வயது, ஷ்மிட்-ரொட்லுஃபுக்கு 20. (ரொட்லுஃப் அவர் பிறந்த ஊர். நாம் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வோம், அவர் பின்னால் போட்டுக்கொண்டார்.) குழுவின் பெயர் 'டி ப்ரூக்கே', அதாவது பாலம். எல்லோரும் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயை விழுந்து விழுந்து படித்தவர்கள். மனிதன் ஒரு பாலம் என்று அவர் சொன்னதிலிருந்து பெயர் பிடித்திருப்பார்கள் என்பது பொதுவான கருத்து.

கிர்ஷ்னர் இடையில் கொஞ்ச காலம் முனிக்கில் ஓவியம் பயின்றதை விட்டால், யாருக்கும் முறையான ஓவியப் படிப்பு கிடையாது. ஃப்ரீட்ரிஷ்டாட் என்ற தொழிலாளர் குடியிருப்பில் காலியாகக் கிடந்த ஒரு கசாப்புக் கடைதான் பட்டறை. நாற்காலி, பெட்டி எல்லாம் தாங்களே செதுக்கியது. 1906இல் தங்கள் அறிக்கையைக்கூட அச்சகத்தில் கொடுத்துக் கோக்கவில்லை. கிர்ஷ்னர் அதை எழுத்து எழுத்தாக மரத்தில் செதுக்கி அச்செடுத்தார். இளைஞர்களே வாருங்கள், வசதியாக உட்கார்ந்துவிட்ட பழைய சக்திகளிடமிருந்து எங்களுக்கு இடம் வேண்டும், தன்னைப் படைக்கத் தூண்டுவதை நேராகவும் கலப்படமில்லாமலும் வெளியிடுகிற யாரும் எங்கள் ஆள் என்பது அதன் சாரம்.

என் வாதம் இதுதான். இவர்கள் ஓவியத்தில் இருக்கும் கோணல், முரட்டுத்தனம், கறுப்பு விளிம்பு எல்லாம் மனக்குமுறலிலிருந்து நேராகக் கொட்டியது என்று நான் நம்பவில்லை. பாதிக்கு மேல் மரப்பலகையிலிருந்து வந்தது. அடிக்க வருகிறவர்கள் வரிசையாக வரலாம்.

நெய்தல்கரை:

அடிக்கவில்லை, ஒரு சந்தேகம். கை, கால், மூக்கு சரியாக வரையத் தெரியாதவர்கள் நாலு பேர் கூடி "இதுதான் எங்கள் பாணி" என்று சொன்னால் அது இயக்கமாகிவிடுமா? கூகிளில் கிர்ஷ்னர் படங்களைத் தேடிப் பார்த்தேன். பச்சை முகம், ஆரஞ்சு உடம்பு. எங்கள் அக்கா பெண் இரண்டாம் வகுப்பில் இதைவிட நன்றாக வரைவாள்.

கரிக்கோடு:

வந்துவிட்டதா அக்கா பெண்! எந்த நவீன ஓவிய இழையிலும் மூன்றாவது பதிவுக்குள் ஒரு குழந்தை வந்துவிடும். கட்டடக்கலை படித்தவர்களுக்கு அளவெடுத்து வரையத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பிளைலும் கிர்ஷ்னரும் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியவர்கள். ஒரு கட்டடத்தின் முகப்பைச் சுத்தமாகக் கோடு போட்டுக் காட்டக்கூடியவர்கள். தெரிந்ததைக் கைவிட்டார்கள். ஏன் கைவிட்டார்கள் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

அச்சுமை:

தம்பி கரிக்கோடு, நான் ஓவியன் இல்லை. சிவகாசிப் பக்கம் நாற்பது வருடம் அச்சுத் தொழில். டிரெடில் மிதித்து ஆரம்பித்து ஆப்செட் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. உங்கள் மரப்பலகை வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மரத்தில் பிளாக் வெட்டுவது இரண்டு விதம். மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டு முகத்தில் செதுக்குவது ஒன்று. அங்கே நார் எல்லாம் நட்டமாக நிற்கும். உளி எந்தத் திசையிலும் வழுக்கிக்கொண்டு போகும், தலைமுடி போலக் கோடு எடுக்கலாம். பழைய பத்திரிகைப் படங்கள் அப்படிச் செய்தவை. இன்னொன்று, கதவு செய்கிற பலகை மாதிரி நீளவாக்கில் அறுத்த பலகையில் வெட்டுவது. இங்கே நார் படுத்துக்கிடக்கும். நாரோடு போனால் கத்தி சறுக்கிக்கொண்டு ஓடும். குறுக்கே போனால் சிலாம்பு தூக்கும். வளைவு எடுக்கப் போனால் பாதி வழியில் மரம் "போதும்" என்று சொல்லிவிடும். அரைவட்டம் நினைத்த இடத்தில் மூன்று மூலை வந்து நிற்கும்.

நீங்கள் சொன்ன ஆட்களின் அச்சுப்படங்களை என் பேரன் போனில் பெரிதுபடுத்திக் காட்டினான். பார்த்ததுமே தெரிகிறது, இது நீளவாக்குப் பலகை. கன்னம் ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். இன்னொன்று, வெட்டி எடுத்த இடத்தில் அங்கங்கே மை ஒட்டியிருக்கிறது. தொழில்காரன் என்றால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அச்சேற்றுவான். இவர்கள் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எங்கள் முதலாளி பார்த்திருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்.

கரிக்கோடு:

ஐயா, நான் பத்துப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியதை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹெக்கல் 1910இல் செய்த ஒரு வண்ண மரச்செதுக்கு அச்சு இருக்கிறது, ஃப்ரென்ஸி என்ற சிறுமி படுத்திருப்பதுபோல. இரண்டே நிறம், கறுப்பும் சிவப்பும். அதற்கு இரண்டு பிளாக் செய்யவில்லை. ஒரே பலகையை உருவத்தின் விளிம்போடு அறுத்துத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக மை பூசி, மறுபடி ஒன்றாகச் சேர்த்து ஒரே அழுத்தில் எடுத்திருக்கிறார். குழந்தைகளின் துண்டுப் படப் புதிர் மாதிரி. துண்டுகள் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்த வெள்ளைக் கோடுதான் உருவத்தின் விளிம்பு. வழியைக் காட்டியவர் நார்வேக்காரர் எட்வர்ட் மூங்க். அவர் 1890களிலேயே பலகையை அறுத்து இப்படி அச்செடுத்தவர். 1906இல் அவருடைய கண்காட்சி ட்ரெஸ்டனுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, குழு தொடங்கிய அதே 1905இல், அர்னால்ட் என்ற காலரியில் வான்கோவின் படங்கள் ஐம்பது வரை மாட்டியிருந்தார்கள். பையன்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

பனிமுற்றம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமா பெர்லின். இங்கே டாலெம் பக்கம் காட்டோரமாக ப்ரூக்கே மியூசியம் இருக்கிறது. 1967இல் திறந்தது, முதுமையில் ஷ்மிட்-ரொட்லுஃப் தன் படங்களைக் கொடுத்து முன்னின்று தொடங்கியது. சின்னக் கட்டடம், ஒரு மணித்தியாலத்தில் பார்த்து முடிக்கலாம். நான் அடிக்கடி போவேன்.

கரிக்கோடு தம்பி, மரத்தைப் பற்றிக் கதைத்தீர்கள், நல்லது. ஆனால் ஃப்ரென்ஸியை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தப் பிள்ளை பிறந்தது 1900இல். இந்த ஆண்கள் அவளை மாடலாக வைத்துக்கொண்டபோது எட்டு, ஒன்பது வயது. 1909 முதல் 1911 வரை கோடை காலத்தில் மொரிட்ஸ்பர்க் ஏரிக்கரைக்குக் கூட்டாகப் போய், ஆடையில்லாமல் நீந்தி, ஓடி, வரைந்தார்கள். அங்கேயும் அவள் இருந்தாள். கிர்ஷ்னரின் 'மார்ட்செல்லா' என்ற படம் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. கட்டிலில் கால் மேல் கால் போட்டு, தலையில் வெள்ளை ரிப்பனோடு, உதட்டில் சாயத்தோடு இருக்கும் ஒரு சிறுமி. அவளும் ஃப்ரென்ஸிதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு "இயற்கையோடு ஒன்றிய சுதந்திர வாழ்வு" என்று எழுதிப்போட்டிருக்கும் அட்டையை என்னால் வாசிக்க முடியவில்லை. எனக்கு அதே வயதில் ஒரு மகள் இருந்தாள் அப்போது.

கரிக்கோடு:

அக்கா, ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் தாண்டிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அதில் நிற்கப் பிடிக்காமல் தாண்டினேன்.

புளியமரத்தடி:

அக்கா சொன்னதோடு இன்னொன்றும் சேரும். ட்ரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்துக்கு இவர்கள் அடிக்கடி போனார்கள். பசிபிக் கடலில் பலாவ் தீவிலிருந்து வந்த செதுக்கிய உத்தரங்களைப் பார்த்துக் கிர்ஷ்னர் மயங்கினார். அதே மாதிரி உருவங்களைப் பட்டறைச் சுவரிலும் திரைச்சீலையிலும் வரைந்தார்கள். பலாவ் அப்போது ஜெர்மனியின் காலனி. கேமரூனும் அப்படித்தான். இதே குழுவில் இருந்த மாக்ஸ் பெக்ஷ்டைன் 1914இல் பலாவுக்கே கிளம்பிப் போனார். போன சில மாதங்களில் உலகப்போர் வந்து, ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து, அவரையும் பிடித்துக்கொண்டார்கள். குழுவில் கொஞ்ச காலம் இருந்த எமில் நோல்டே அதற்குமுன் அரசுப் பயணக்குழு ஒன்றோடு நியூகினி போய் வந்தார்.

இந்த உத்தரமும் மரம்தான், இல்லையா? உங்கள் மர வாதத்தில் இந்த மரத்தையும் சேருங்கள். அதைச் செதுக்கியவன் பெயர் எந்த அட்டையிலும் இருக்காது.

நெய்தல்கரை:

சரி, நான் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு சந்தேகம். சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? இந்தப் படங்களை 1906இல் யார் காசு கொடுத்து வாங்கினார்கள்?

கரிக்கோடு:

ஆரம்பத்தில் அனேகமாக யாரும் இல்லை. 1906 இலையுதிர்காலத்தில் முதல் குழுக் கண்காட்சி, லோப்டாவ் என்ற பகுதியில் ஒரு விளக்குத் தொழிற்சாலையின் விற்பனைக் கூடத்தில். மேலே வரிசையாக விளக்குகள் தொங்க, கீழே படங்கள். பிளைல் செய்த சுவரொட்டியில் ஆடையில்லாத பெண் நின்றதால் போலீஸ் தடை போட்டது.

ஆனால் பணத்துக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். வரைகிறவர்கள் உறுப்பினர்கள். வரையாதவர்கள் வருடத்துக்கு 12 மார்க் கட்டினால் 'செயலற்ற உறுப்பினர்'. பெயர் ஒரு மாதிரியாக இருக்கிறது, என்ன செய்ய, அப்படித்தான் வைத்தார்கள். பணம் கட்டியவருக்கு ஒரு உறுப்பினர் அட்டை, அதுவும் மரத்தில் வெட்டி அச்சடித்தது. வருடக் கடைசியில் மூலப் பிரதியாக அச்சுப்படங்கள் வைத்த ஒரு உறை. நம்ம ஊர் சிற்றிதழ் ஆண்டுச் சந்தா மாதிரி, ஆனால் இவர்கள் ஒழுங்காக அனுப்பினார்கள். ஹாம்பர்க்கில் ரோசா ஷபீரே என்ற கலை வரலாற்றாளர் 1907இலேயே இப்படிச் சேர்ந்து, ஷ்மிட்-ரொட்லுஃபுக்காக ஆயுள் முழுக்க வாதாடினார். யூதர் என்பதால் 1939இல் லண்டனுக்கு ஓட வேண்டி வந்தது.

ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதற்குப் பணக்காரர் வேண்டும். அச்சுப்படம் என்றால் பள்ளி ஆசிரியரும் வாங்கலாம். மரம் வெறும் ரசனை மட்டும் அல்ல, அவர்களுக்குச் சோற்று வழியும்கூட.

அச்சுமை:

12 மார்க்குக்கு மூலப் பிரதியா? இன்றைக்கு அந்த உறை ஒன்று வீட்டில் இருந்தால் பேரன் வெளிநாட்டில் படித்திருப்பான்.

நெய்தல்கரை:

அது சரி, அச்சுப்படத்துக்கு மரம். ஆயில் பெயின்டிங்குக்கு என்ன பதில்? தூரிகைக்கு நார் குறுக்கே வராதே.

கரிக்கோடு:

நல்ல கேள்வி. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று வேகம். பட்டறையில் 'கால்மணிநேர வரைவு' என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். மாடல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றிவிட வேண்டும். கல்லூரி மாடல் மாதிரி மணிக்கணக்கில் சிலையாக நிற்கக் கூடாது. பதினைந்து நிமிடத்தில் விரல் ஐந்தையும் எண்ணிக்கொண்டிருந்தால் தலை வராது. எது முக்கியமோ அதை மட்டும் பிடிக்கக் கை பழகுகிறது.

இரண்டாவது சாயம். ஆயில் சாயம் காய நாளாகும், இவர்களுக்குப் பொறுமை கிடையாது. பெட்ரோல், பென்சீன் ஊற்றிச் சாயத்தைத் தண்ணீராக்கிக்கொண்டார்கள். சீக்கிரம் காயும், பெரிய பரப்பை மளமளவென்று நிரப்பலாம், எண்ணெய்ப் பளபளப்பும் இருக்காது. கிர்ஷ்னர் மெழுகும் கலந்து பார்த்தார். ஒரு பரப்பு சிவப்பு, பக்கத்தில் ஒரு பரப்பு பச்சை, நடுவில் நிழல் கிடையாது, குழைவு கிடையாது. யோசித்துப் பாருங்கள், அது மை தடவிய பலகைத் துண்டுகளின் தர்க்கம். செதுக்குவதில் பழகிய கண் தூரிகையை எடுத்தாலும் அப்படித்தான் பார்க்கும்.

அச்சுமை:

எங்கள் ஊரில் சுவர் விளம்பரம் எழுதுகிறவர்கள் இதையேதான் செய்தார்கள். டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றி ஒரே இழுப்பு. தேர்தல் நேரத்தில் ஒரு ராத்திரியில் பத்துச் சுவர் முடிக்கணும் என்றால் குழைத்துக்கொண்டா நிற்க முடியும்?

பனிமுற்றம்:

பெர்லின் காலத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. 1911இல் எல்லோரும் பெர்லினுக்கு வந்துவிட்டார்கள். ஏரிக்கரையும் மரநிழலும் போய், ட்ராம், மின்விளக்கு, கூட்டம். 1913இல் குழுவின் வரலாற்றைக் கிர்ஷ்னர் எழுதினார். தன்னைத்தான் நடுவில் வைத்து எழுதினார் என்று மற்றவர்களுக்குக் கோபம், குழுவே உடைந்தது. எட்டு வருசம்.

அதற்குப் பிறகு அவர் தனியாக வரைந்த தெருப் படங்கள்தான் எனக்கு உயிர். 'போட்ஸ்டாமர் பிளாட்ஸ்', 1914. இங்கே நோயே நாட்ஸியோனால்காலரியில் இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரம், முன்னால் நின்றால் அந்தப் பெண்கள் நம்மைவிட உயரம். வட்டமான ஒரு தெருத்திட்டில் இரண்டு பெண்கள், கறிவேப்பிலை மாதிரி மெலிந்து கூர்ந்து நிற்கிறார்கள். ஒருத்தி கைம்பெண் அணியும் கறுப்புத் துணி போட்டிருக்கிறாள். போர் தொடங்கியிருந்த நேரம், உடலை விற்கிற பெண்களும் அந்தத் துணியைப் போட்டு நின்ற காலம் என்கிறார்கள். தெரு முழுக்கப் பச்சை, பாசி பிடித்த குளம் போல. பின்னால் சிவப்புச் செங்கல் ரயில் நிலையம். மணிக்கூட்டில் நடுச்சாமம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள் ஓரத்தில் நிற்கிறார்கள், ஒருத்தனுடைய கால் இரண்டும் கத்தரிக்கோலைத் திறந்து வைத்ததுபோல. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. அவ்வளவு நெருக்கத்திலும்.

அங்கிருந்து வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் அசல் போட்ஸ்டாமர் பிளாட்ஸ். கண்ணாடிக் கட்டடங்கள்தான். அந்த ரயில் நிலையம் போரோடு போய்விட்டது. நான் இங்கே வந்த புதிதில், மொழி தெரியாமல், அந்தச் சந்தியில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கும்போது எனக்கிருந்த உணர்வு அந்தப் படத்தில் இருந்தது. அதைப் பலகையும் பெட்ரோலும் விளக்குமா என்று தெரியவில்லை, தம்பி.

புளியமரத்தடி:

முனிக்கை மறந்துவிட்டீர்களே! 'நீலக் குதிரைவீரன்' குழு. கண்டின்ஸ்கி, ஃப்ரான்ஸ் மார்க், கப்ரியேலே முன்டர், அகஸ்ட் மாக்கே. 1911 டிசம்பரில் முதல் கண்காட்சி. அவர்கள் மரத்தில் தொங்கவில்லை. முர்னாவ் என்ற மலையடி ஊரில் குடியானவர்கள் கண்ணாடியின் பின்பக்கம் சாமி படம் வரைவார்கள். அதைப் பார்த்து இவர்களும் கற்றுக்கொண்டார்கள். நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் செய்கிற முறையேதான், கடைசியில் போட வேண்டிய கோட்டை முதலில் போட வேண்டும். (தஞ்சாவூரிலிருந்து போனதா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். போகவில்லை.)

மாக்கே 1914 செப்டம்பரில் போர்முனையில் செத்தார், 27 வயது. மார்க் 1916 மார்ச்சில் வெர்டன் அருகே. ஓர் இயக்கத்தின் பாதி அப்படிப் போயிற்று. முன்டர்தான் நாஜிக் காலம் முழுக்கத் தன் முர்னாவ் வீட்டு நிலவறையில் கண்டின்ஸ்கியின் படங்களை ஒளித்து வைத்து, 1957இல் தன் 80வது பிறந்தநாளை ஒட்டி முனிக் நகரத்துக்கு அப்படியே கொடுத்தார். துணைவராக இருந்த கண்டின்ஸ்கி அவரை விட்டுப் போய் நாற்பது வருடம் கழித்து. அதை நினைத்தால் எனக்கு அந்த அம்மாள்மேல் தனி மரியாதை.

ஒட்டுத்திண்ணை:

இடையில் ஒரு கேள்வி. நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? சென்னைப் பள்ளி ஓவியர்கள்...

கரிக்கோடு:

இழுத்துப் பிடித்தால் எதற்கும் எதற்கும் தொடர்பு காட்டலாம், நான் அதற்கு வரவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, 1922 டிசம்பரில் கல்கத்தாவில் கண்டின்ஸ்கி, பால் க்ளீ ஆகியோரின் படங்கள் இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் தொங்கின. அதோடு விடுகிறேன்.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் அந்தச் சந்தியில் நின்ற உணர்வை நான் மறுக்கவில்லை. என் சண்டை 'கொட்டுதல்' என்ற சொல்லோடுதான். 1915இல் கிர்ஷ்னர் வரைந்த 'சிப்பாயாகத் தன்னுருவம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அமெரிக்காவில் ஓபர்லின் என்ற ஊரில் இருக்கிறது. சீருடை, தோளில் 75 என்ற படைப்பிரிவு எண், வாயில் தொங்கும் சிகரெட், மணியில்லாத கண்கள். வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு ரத்தத்தோடு நீட்டி நிற்கிறது. பின்னால் ஆடையில்லாத ஒரு பெண்.

அவர் கை வெட்டுப்படவே இல்லை. போர்முனைக்கே போகவில்லை. ஹாலே ஊரில் பயிற்சியிலேயே மனம் உடைந்து திருப்பி அனுப்பப்பட்டவர். பயம் நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்கு எந்த உருவம் கொடுத்தால் பார்ப்பவனுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று யோசித்து, ஓவியனுக்கு எது போனால் எல்லாம் போகுமோ அந்தக் கையை எடுத்திருக்கிறார். அது கணக்கு. அழுதுகொண்டே தூரிகையை வீசியவன் செய்கிற வேலை இல்லை.

ஆள் எவ்வளவு கணக்கானவர் என்பதற்கு இன்னொன்று. 1920களில் லூயி த மார்சல் என்ற பிரெஞ்சு விமர்சகர் கிர்ஷ்னரைப் புகழ்ந்து கட்டுரைகள் எழுதினார். அப்படி ஒருவர் கிடையாது. கிர்ஷ்னரே பெயர் மாற்றி எழுதியது. மூங்க் வழியிலும் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வழியிலும் வந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று தன் படங்களுக்கு முந்தைய ஆண்டுகளைப் போட்டு வைக்கும் பழக்கமும் இருந்தது.

நெய்தல்கரை:

போலிக் கணக்கு வைத்துத் தனக்குத்தானே லைக் போட்டாரா! இப்போதுதான் இவரை எனக்குப் பிடிக்க ஆரம்பிக்கிறது.

செம்பருத்தி:

தாமதமாக வருகிறேன். தோழர்களே, ஓவியரும் அச்சுக்கலைஞருமான கேத்தே கோல்விட்ஸைச் சொல்லாமல் இந்த இழை எப்படி இவ்வளவு தூரம் வந்தது? அவர் எந்தக் குழுவிலும் இல்லை. இவர்களைவிட மூத்தவர், பிறந்தது 1867. 1914 அக்டோபரில் இளைய மகன் பீட்டர் போரில் செத்தான். 1919 ஜனவரியில் இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் கொல்லப்பட்டபோது பிணவறைக்குப் போய் அவர் முகத்தை வரைந்தார். அதைப் படமாக்க முதலில் செப்புத் தகட்டில் முயன்றார், பிறகு கல்லச்சில். இரண்டும் சரிவரவில்லை. 1920இல் பார்லாக் என்ற சிற்பியின் மரச்செதுக்குகளைப் பார்த்துவிட்டு, மரத்துக்கு மாறினார். தொழிலாளர்கள் குனிந்து நிற்கும் அந்த அஞ்சலிப் படம் அப்படித்தான் வந்தது. கறுப்பிலிருந்து வெள்ளையைச் செதுக்கி எடுத்த முகங்கள். கரிக்கோட்டின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மகனை இழந்த அம்மாவின் துக்கத்துக்கே சரியான பொருள் கிடைக்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

அதே கையோடு கரிக்கோட்டின் வாதத்தை உடைத்தும் விடுகிறேன். நோல்டே. அவருடைய நீர்வண்ணங்களைப் பாருங்கள். ஈரமான ஜப்பானியத் தாளில் சாயம் தானே ஊறிப் பரவி வந்தவை. கடல், மேகம், பாப்பிப் பூ. ஒரு மூலைகூடக் கிடையாது. மரம் எங்கே?

கரிக்கோடு:

மாட்டிக்கொண்டேன். நோல்டே 1906இல் சேர்ந்து அடுத்த வருடமே விலகியவர் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அவரும் அருமையான மரச்செதுக்குகள் செய்திருக்கிறார், அதனால் அது சாக்குத்தான். கொஞ்சம் பின்வாங்குகிறேன். மரம் என்பதற்குப் பதில் 'பொருள்' என்று வைத்துக்கொள்ளலாமா? பலகை தன் இஷ்டத்துக்குப் பிளப்பதை விட்டார்கள், தாள் தன் இஷ்டத்துக்கு ஊறுவதை அவர் விட்டார். எது கையை எதிர்க்கிறதோ அதை அடக்காமல் பாதி வேலையை அதனிடம் கொடுத்துவிடுவது.

செம்பருத்தி:

வழுக்கிவிட்டீர்கள், ஆனாலும் சரி.

நோல்டே பெயரை எடுத்ததால் மீதியையும் சொல்ல வேண்டும். 1937 ஜூலை 19, முனிக்கில் 'சீரழிந்த கலை' கண்காட்சி. சுமார் 650 படைப்புகளைக் கேலி வாசகங்களோடு நெருக்கி மாட்டினார்கள். பார்த்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். கிர்ஷ்னர் படைப்புகள் மட்டும் 639 அருங்காட்சியகங்களிலிருந்து பறிக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலைப்பக்கம் இருந்த அவர் 1938 ஜூன் 15இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாகப் பறிகொடுத்தவர் நோல்டே, ஆயிரத்துக்கு மேல். போருக்குப் பிறகு அவரைப் பெரிய தியாகியாக வைத்திருந்தார்கள்.

ஆனால் நோல்டே நாஜிக் கட்சி உறுப்பினர். யூதர்களை வெறுத்து எழுதியவர். தன் கலைதான் அசல் ஜெர்மன் கலை என்று ஆட்சியாளர்களை நம்பவைக்கப் பாடுபட்டு, கடைசிவரை அவர்கள் நம்பாததால் அடிபட்டவர். 2019இல் பெர்லினில் இதையெல்லாம் கடிதங்களோடு கண்காட்சியாகவே வைத்தார்கள். அப்போது ஜெர்மன் சான்சலராக இருந்த மெர்கல் தன் அலுவலகத்தில் மாட்டியிருந்த நோல்டேவின் கடல் ஓவியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உணர்ச்சியை நேராகக் கொட்டுகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று ஒரு நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு.

பனிமுற்றம்:

அந்தக் கண்காட்சிக்கு நான் போனேன். ஒரு வயதான ஜெர்மன் அம்மா, பாப்பிப் பூப் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கள் வீட்டு வரவேற்பறையில் இதன் பிரதி முப்பது வருசம் தொங்கியது" என்று என்னிடம் சொன்னார். கழற்றிவிட்டீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அச்சுமை:

நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. பேச்சு பேச்சாகவே போகிறதே என்று தச்சன் கடையில் ஒரு அடிக்கு முக்கால் அடி வேங்கைப் பலகை வாங்கினேன். அது தப்பு, கல் மாதிரி இருக்கிறது, கத்தி முனை இரண்டு தடவை போனது. மறுநாள் ரப்பர் மரம் வாங்கிவந்து, பழைய டப்பாவில் கிடந்த உளியைத் தீட்டி, என் வீட்டம்மா முகத்தை வெட்டினேன். மூக்குக்கு வளைவு கொடுக்கப் போனேன், நார் தூக்கிக்கொண்டு ஒரு சில்லு பறந்தது. அங்கே ஒரு மூலை. அதற்குப் பொருத்தமாக அடுத்த பக்கமும் ஒரு மூலை வைத்தேன். தாடை தானாகவே கூராகிவிட்டது. ரோலரால் கறுப்பு மை பூசி, தாளை வைத்து, சாப்பாட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து எடுத்தேன்.

வீட்டம்மா பார்த்துவிட்டு, "இது எங்கம்மா கோபமா இருக்கறப்போ இருக்கற மாதிரியே இருக்கே" என்றாள். நான் மாமியாரை நினைக்கவே இல்லை.

கரிக்கோடு:

ஐயா!! படம் எங்கே?

அச்சுமை:

பேரன் வந்தால்தான் ஏற்றத் தெரியும். ஆறு பிரதி எடுத்திருக்கிறேன். வெட்டின இடத்து மையைச் சுரண்டவில்லை.

நெய்தல்கரை:

அண்ணாச்சி, எனக்கு ஒரு பிரதி அனுப்புவீர்களா? 12 மார்க் கையில் இல்லை, ஜிபே பண்ணுகிறேன். அக்கா பெண்ணிடம் காட்ட வேண்டும்.

அச்சுமை:

முகவரியைத் தனிமடலில் போடுங்கள். மை காய இன்னும் இரண்டு நாள் ஆகும்.